பக்கத்து வரிசையில் ஒரு மந்திரி: இங்கிலாந்து கால்பந்து ரசிகர்களின் கதைகளில் எது நிஜம்?

கேள்வி இதுதான். இங்கிலாந்துக்கு வேலைக்குப் போன ஒருவர் சொல்கிறார்: அலுவலகத்தில் கால்பந்துப் பேச்சு வந்தாலே ஆளாளுக்கு ஓர் அரசியல்வாதிக் கதை வைத்திருக்கிறார்களாம். ஒருவரின் தாத்தா, மேட்சுக்குப் போகும் ரயிலில் ஒரு கட்சித் தலைவரோடு சாண்ட்விச்சைப் பங்கு போட்டுச் சாப்பிட்டாராம். இன்னொருவர், டோனி பிளேர் தான் பார்த்திருக்கவே முடியாத ஓர் ஆட்டக்காரரைப் பார்த்ததாகப் புளுகினார் என்று சத்தியம் செய்கிறாராம். இதில் எதை நம்புவது, அந்தத் தலைவர்கள் நிஜமாகவே ரசிகர்கள்தானா என்பது அவருடைய சந்தேகம்.

சுருக்கமாகச் சொன்னால், சந்திப்புகள் பெரும்பாலும் நடந்தவைதான். அப்போது பேசிக்கொண்டதாகச் சொல்லப்படுவதில்தான் பாதிக்கு மேல் பிற்சேர்க்கை. இருபது வருடமாக ஒரு சின்ன ஊர் கிளப்பின் சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்துக்கொண்டு வருகிறவன் என்பதால், இந்தக் கதைகள் எப்படி உருவாகின்றன என்பதைக் கொஞ்சம் கிட்டத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். ஒரு கதைக்குள் நானே மாட்டிக்கொண்டும் இருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பிளேர். கேள்வியிலேயே வந்திருப்பதாலும், இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் அதுதான் மூத்தது மாதிரி இருப்பதாலும் அங்கேயே தொடங்கலாம்.

பிளேர் நியூகாசில் யுனைடெட் ரசிகர். டரம் நகரில் பள்ளிக்குப் போனவர், பக்கத்து செட்ஜ்ஃபீல்ட் தொகுதியின் எம்.பி.யாக இருந்தவர். ஆகவே அந்த அணியைப் பிடித்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 1997இல் பிரதமரான பிறகு பிபிசி வானொலிக்கு ஒரு பேட்டி கொடுத்தார். அதில் அவர், நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்தில் காலோகேட் பக்கத்து கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஜாக்கி மில்பர்னின் ஆட்டத்தைப் பார்த்ததாகச் சொன்னார் என்று செய்தி பரவியது. மில்பர்ன் அந்த ஊரின் சாமி. அஷிங்டன் சுரங்க ஊரிலிருந்து வந்தவர், கிளப்புக்காக 200 கோல் அடித்தவர், 1951, 1952, 1955 என்று மூன்று எஃப்.ஏ. கோப்பைகளை வென்ற அணியில் ஆடியவர். 1955 இறுதியாட்டத்தில் முதல் நிமிடம் முடிவதற்குள் கோல் போட்டார்.

இப்போது கணக்குப் போடுங்கள். பிளேர் பிறந்தது 1953 மே. மில்பர்ன் நியூகாசிலை விட்டுப் போனது 1957. நாலு வயதுப் பையன் என்னத்தைப் பார்த்திருப்பான்? அதோடு அந்தக் காலத்தில் காலோகேட் பக்கம் நாற்காலியே கிடையாது. எல்லோரும் நின்றுதான் பார்த்தார்கள். நாற்காலிதான் பிளேரைக் கவிழ்த்தது. வயதுக் கணக்கைக்கூட நினைவுப் பிசகு என்று மன்னிக்கலாம். கூட்டத்தில் நெஞ்சு நசுங்க நின்று பார்த்த இடத்தில் ஒருவன் 'உட்கார்ந்து பார்த்தேன்' என்றால் அவன் அங்கே போனதே இல்லை. நியூகாசில்காரர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் இந்தக் கதை, பிளேர் எதற்கும் துணிந்து பொய் சொல்வார் என்பதற்கு மேற்கோளாகப் பத்திரிகைகளிலும் நாடாளுமன்றப் பேச்சிலும் ஓடியது.

பின்னாளில் யாரோ அந்தப் பழைய ஒலிப்பதிவைத் தேடி எடுத்துக் கேட்டார்கள். பிளேர் அப்படிச் சொல்லவே இல்லை. தான் ரசிகனானது மில்பர்ன் காலத்துக்குச் சற்றுப் பின்னால் என்றுதான் சொல்லியிருக்கிறார். நாற்காலி பற்றிப் பேச்சே இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'பின்னால்' என்ற ஒரு சொல் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். அது விழுந்ததும் கதை பொய்யாகிவிட்டது. பொய்யானதும் சுவை கூடிவிட்டது. சுவை கூடியதும் யாரோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். கண், காது, மூக்கு வைத்துப் பேசுவது என்போமே, இங்கே நாற்காலி வைத்திருக்கிறார்கள். பதிவு வெளிவந்த பிறகும் கதை நின்றதா என்றால் இல்லை. இன்றைக்கும் நியூகாசிலில் ஒரு பப்பில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், உங்கள் அலுவலக நண்பர் சொன்னதையே சொல்வார்கள். உண்மை தெரிந்தவர்களும் ஒரு சிரிப்போடு பழைய கதையைத்தான் சொல்வார்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1980களில் இந்த நாட்டில் கால்பந்து ரசிகன் என்றால் போலீஸ் கேஸ் என்று அர்த்தம். 1985இல் பிராட்ஃபர்ட் மைதானத்தில் தீப்பிடித்து 56 பேர் செத்த அதே மாதம், ஒரு பெரிய ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை கால்பந்தை ஸ்லம் (சேரி) மைதானங்களில் ஸ்லம் மக்கள் பார்க்கிற ஸ்லம் விளையாட்டு என்று தலையங்கத்தில் எழுதியது. ரசிகர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை கட்டாயம் என்று மார்கரெட் தாட்சர் அரசு 1989இல் சட்டமே போட்டது. அட்டை நடைமுறைக்கு வரவில்லை என்பது வேறு விஷயம். அப்புறம் 1990 உலகக் கோப்பை வந்தது, 1992இல் பிரீமியர் லீக் வந்தது, பணம் வந்தது, மரியாதையும் வந்தது. திடீரென்று பார்த்தால் ஒவ்வோர் அரசியல்வாதிக்கும் சின்ன வயதிலிருந்தே ஓர் அணி இருந்தது! 1995இல் பிரைட்டனில் நடந்த தொழிற்கட்சி மாநாட்டின்போது, பிளேர் கேமராக்களுக்கு முன்னால் கெவின் கீகனோடு பந்தைத் தலையால் முட்டி முட்டிப் பிடித்து விளையாடினார். கீகன் அப்போது நியூகாசில் மேனேஜர். பிளேர் நன்றாகவே முட்டினார், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் பத்து வருடம் முன்னால் எங்கே இருந்தீர்கள் என்று மழையில் நின்றவர்களுக்குத் தோன்றாதா? அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கதைகள் பதில். ஆளை மடக்க ஒரு நாற்காலி போதும்.

தாட்சரைப் பற்றி இதே மாதிரி ஒன்று உண்டு. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. 1978 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம், வெம்ப்ளியில் இப்ஸ்விச் டவுனும் ஆர்சனலும். பாபி ராப்சனின் இப்ஸ்விச் 1-0 என்று ஜெயித்தது. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த தாட்சரிடம், யார் நன்றாக ஆடினார் என்று கேட்டார்களாம். பத்தாம் எண் விமார்க் என்றாராம். டிரெவர் விமார்க் அன்று ஆடவே இல்லை. காயம்பட்டு வெளியே இருந்தார். பத்தாம் எண் சட்டையைப் போட்டிருந்தவர் டேவிட் கெடிஸ் என்ற இளைஞர்.

வழக்கமாகக் கதை இங்கே சிரிப்போடு முடிந்துவிடும். நான் ஒரு வார்த்தை சேர்ப்பேன். அன்று ராஜர் ஆஸ்பர்ன் போட்ட ஒரே கோலுக்கு வலப்பக்கம் ஓடிப்போய்ப் பந்தைக் குறுக்கே அடித்தவர் அதே கெடிஸ்தான். அதாவது அந்த அம்மையார் ஆட்டத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். விமார்க் பெயரோடு முன்கூட்டியே அச்சடித்த ஆட்டக்காரர் பட்டியலை நம்பியதுதான் தப்பு. இதை நான் பப்பில் சொன்னால் யாரும் ரசிப்பதில்லை. தாட்சருக்காக வாதாட இங்கிலாந்தின் வடக்கிலோ ஸ்காட்லாந்திலோ ஆள் கிடைப்பது கஷ்டம். 1988 மே மாதம் கிளாஸ்கோவில் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டத்துக்கு அவர் வந்தபோது, செல்டிக், டண்டி யுனைடெட் என்று இரண்டு பக்கத்து ரசிகர்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் சிவப்பு அட்டைகளைத் தூக்கிக் காட்டினார்கள். எதிரெதிர் அணிக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஆளை வெளியே போகச் சொன்னது அபூர்வம். இது கதை இல்லை, படம் இருக்கிறது.

சரி, நிஜமான ரசிகர்களுக்கு வருவோம். எப்படிக் கண்டுபிடிப்பது? என் கணக்கு இது: உண்மையான ரசிகன் தன் அணியைப் பற்றிப் பெருமை பேச மாட்டான், குறை சொல்வான். ஜெயித்த வருடத்தைவிடத் தோற்ற மேட்சை நன்றாக நினைவு வைத்திருப்பான்.

ஹாரால்ட் வில்சன் ஹடர்ஸ்ஃபீல்டில் 1916இல் பிறந்தவர். அந்த ஊர் அணி 1924, 1925, 1926 என்று தொடர்ந்து மூன்று வருடம் இங்கிலாந்தின் சாம்பியன். வில்சனுக்கு எட்டிலிருந்து பத்து வயது. எந்தப் பையனுக்கும் அதைவிட வேறு என்ன வேண்டும்! அந்த 1926 அணியின் படத்தைப் பிரதமரான பிறகும் பர்ஸில் வைத்திருந்தார். இன்றைக்கு அந்த ஊர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே சதுக்கத்தில் அவர் வெண்கலச் சிலையாக நடந்து வருகிறார், கையில் அந்தப் பிரசித்தி பெற்ற புகைக்குழாய் இல்லாமல். 1999இல் அதைத் திறந்துவைத்தவர், வேறு யார், பிளேர்தான்.

வில்சன் கதையில் பர்ஸைவிட முக்கியமானது 1970. 1966இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றபோது பிரதமர் அவர். தொழிற்கட்சி ஆட்சியில்தான் நாம் கோப்பை ஜெயிக்கிறோம் என்று அவர் விளையாட்டாகச் சொன்னது இன்றுவரை சொல்லப்படுகிறது. அடுத்த கோப்பை மெக்சிகோவில். தேர்தல் 1970 ஜூன் 18, வியாழக்கிழமை. ஜூன் 14 ஞாயிறு அன்று லியோன் நகரில் காலிறுதி, எதிரே மேற்கு ஜெர்மனி. இங்கிலாந்தின் கோல்கீப்பர் கார்டன் பேங்க்ஸ் வயிற்றுக் கோளாறில் படுத்துவிட்டார். பதிலுக்குப் பீட்டர் பொனெட்டி இறங்கினார். இங்கிலாந்து 2-0 என்று முன்னால் இருந்தது. பெக்கன்பவர் ஒரு கோலைத் திருப்பினார். பாபி சார்ல்டனை ஓய்வுக்காக வெளியே கூப்பிட்டுக்கொண்டார் மேனேஜர் ஆல்ஃப் ராம்சே. அதற்குப் பிறகு சீலர் ஒன்று, கூடுதல் நேரத்தில் கெர்ட் முல்லர் ஒன்று. 3-2.

வில்சனுக்கு இந்தப் பயம் முன்கூட்டியே இருந்தது. வசந்த காலத்தில் பிரதமரின் கிராமத்து இல்லமான செக்கர்ஸ் மாளிகையில் நடந்த ஆலோசனையிலேயே, வாக்குப்பதிவுக்கு முன்னால் இங்கிலாந்து தோற்றால் ஆட்சிக்குப் பாதிப்பு வருமா என்று கேட்டதாக அவருடைய அமைச்சர் டெனிஸ் ஹீலி பிற்பாடு எழுதினார். பெரும்பாலான கருத்துக்கணிப்புகள் தொழிற்கட்சிக்குச் சாதகம் என்றன. வியாழக்கிழமை எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத் ஜெயித்தார்.

கால்பந்தால்தான் ஆட்சி போயிற்றா? எனக்கு முழு நம்பிக்கை இல்லை. தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால், திங்கட்கிழமை, ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கு வெளிவந்தது. பெரிய விமானங்கள் வாங்கியதால் பற்றாக்குறை எகிறியிருந்தது. அது போதும் ஆட்சியை ஆட்டுவதற்கு. ஆனால் அந்த வாரம் ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. விளையாட்டுத் துறையைக் கவனித்துவந்த டெனிஸ் ஹவெல் பர்மிங்ஹாம் எம்.பி. அதற்கு முன் கால்பந்து லீகில் ரெஃப்ரியாக விசில் ஊதியவர். தொழிற்சாலை வாசல் கூட்டம் ஒன்றில் அவரும் நிதியமைச்சர் ராய் ஜென்கின்ஸும் நிற்கிறார்கள். ஜென்கின்ஸ் பற்றாக்குறைக்குப் பதில் தயாராக வைத்திருக்கிறார். ஒருவரும் கேட்கவில்லை. தப்பு ராம்சேயுடையதா, பொனெட்டியுடையதா? அந்த ஒரே கேள்விதான் வந்துகொண்டிருந்தது என்று ஹவெல் எழுதியிருக்கிறார். ஜென்கின்ஸ் அழகான ஆங்கிலமும் நல்ல ஒயினும் அறிந்த மனிதர். அந்த வாசலில் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

மைக்கேல் ஃபுட் இன்னொரு வகை. கேள்வியில் வந்த சாண்ட்விச் கதை யாரைப் பற்றியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவராக இருந்தால் நான் நம்பிவிடுவேன். 1913இல் பிளிமத்தில் பிறந்தவர், 1980 முதல் 1983 வரை தொழிற்கட்சித் தலைவர். கலைந்த வெள்ளை முடி, கைத்தடி, பழைய கோட்டு. பிளிமத் ஆர்கைல் அணி பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நிலை லீகுகளில் கிடந்தது. அவரோ கடைசிவரை அதன் மேட்சுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார், கிளப்பின் இயக்குநராகவும் இருந்தார். 2003இல் அவருக்குத் தொண்ணூறு வயதானபோது கிளப் அவரை ஆட்டக்காரராகவே பதிவு செய்து, 90ஆம் எண் சட்டையைக் கொடுத்தது. ஆர்கைல் பிரீமியர் லீகில் ஆடுவதைப் பார்க்காமல் கண்ணை மூட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2010இல் தொண்ணூற்றாறு வயதில் மூடிவிட்டார். ஆர்கைல் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

பிளேருக்குப் பிறகு பிரதமரான கார்டன் பிரவுன் ரெய்த் ரோவர்ஸ் ரசிகர். ஸ்காட்லாந்தில் கர்கால்டி ஊர் அணி. சின்ன வயதில் மைதானத்தில் புரோகிராம் விற்றவர். இந்த அணிக்கே ஒரு பழங்கதை உண்டு: ஒரு பிபிசிக்காரர் 'இன்று இரவு ரெய்த் தெருக்களில் ஆட்டம் பாட்டம்தான்' என்றாராம். ரெய்த் என்று ஓர் ஊரே கிடையாது! யார் சொன்னது என்பதில் இன்றும் வேறு வேறு பெயர் சொல்கிறார்கள். பிரவுன் கெட்டுப்போனதும் ஒரு பேட்டியில்தான். 1996 யூரோ கோப்பையில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்தின் காஸ்காயின் போட்ட கோலைத் தனக்குப் பிடித்த தருணங்களில் ஒன்றாகச் சொல்லிவிட்டார். ஆங்கிலேய ஓட்டுக்காகச் சொன்னது என்று ஸ்காட்லாந்துக்காரனுக்குப் புரியாதா? புரோகிராம் விற்ற பையனுக்குக்கூட இந்த விஷயத்தில் மன்னிப்பு இல்லை.

அவருக்கு அடுத்துப் பிரதமரான டேவிட் கேமரனுக்கு அதைவிட மோசம். ஆஸ்டன் வில்லா ரசிகர் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவருடைய மாமா ஒருவர் அந்த கிளப்பின் சேர்மனாகவே இருந்தவர். 2015 ஏப்ரலில் தேர்தல் பேச்சில், நீங்கள் வெஸ்ட் ஹாமை ஆதரித்தால் எனக்கு இன்னும் சந்தோஷம் என்று சொல்லிவைத்தார். மூளை மங்கிவிட்டது என்று பிறகு சமாளித்தார். இரண்டு அணிக்கும் சட்டை நிறம் ஒன்றுதான், அரக்குச் சிவப்பும் வெளிர்நீலமும். அது ஒரு சமாதானமாகுமா? தன் பிள்ளையை நிறத்தை வைத்தா அடையாளம் கண்டுகொள்வார்கள்? ரிஷி சுனக் 2024 மே மாதம் வேல்ஸில் ஒரு பீர் ஆலைத் தொழிலாளர்களிடம், கால்பந்துக்காக ஆவலாகக் காத்திருக்கிறீர்களா என்று கேட்டார். அந்த யூரோவுக்கு வேல்ஸ் தகுதி பெறவே இல்லை. இதெல்லாம் படத்தோடு இருப்பதால், கதையாக வளர இடமில்லாமல் போய்விட்டது. பிளேர் நாற்காலி மாதிரி ஒன்று இனி வருவது கஷ்டம்.

ஒன்று மட்டும் விட மனமில்லை. 2006 ஏப்ரல் தொடக்கம். வெளியுறவு அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸைத் தன் தொகுதி பிளாக்பர்னுக்கு அழைத்துவந்தார். பிளாக்பர்ன் ரோவர்ஸ் மேட்சைக் காட்ட வேண்டும் என்று ஆசை. டிவிக்காக மேட்ச் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போய்விட்டது. உலகத்தின் மிக அதிகாரமுள்ள பெண்மணிகளில் ஒருவர் காலி மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். டிவி கால அட்டவணைக்கு முன்னால் வல்லரசும் ஒன்றும் செய்ய முடியாது என்று இங்கே எல்லா ரசிகனுக்கும் ஏற்கெனவே தெரியும்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட கதை. லண்டனுக்குத் தெற்கே எங்கள் மைதானம், கீழ்நிலை லீக், நல்ல நாளில் மூவாயிரம் பேர் வருவார்கள். சில வருடம் முன்னால் ஒரு பிப்ரவரி சனிக்கிழமை. மழை என்று சொல்ல முடியாத, ஆனால் ஆளை நனைத்துவிடுகிற ஒரு தூறல். இடைவேளையில் டீ வண்டிக்கு முன்னால் வரிசை. எனக்கு முன்னால் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர். திரும்பியபோதுதான் முகத்தைப் பார்த்தேன். ஒரு காலத்தில் தினமும் டிவியில் வந்த முகம், ஓய்வுபெற்ற மந்திரி. பெயர் வேண்டாம், பாவம். எனக்குப் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து, ஒரு வரிவிதிப்பைப் பற்றி ஏதோ கேட்க வாயெடுத்தார். 'இடைவேளையில் வேண்டாமே' என்றார் பெரியவர், கோபமில்லாமல்.

அவர் முறை வந்தது. பை கேட்டார். கைப்பை இல்லை, உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட பை. தீர்ந்துவிட்டது என்றாள் வண்டிக்காரப் பெண். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, 'நம் லெஃப்ட் பேக்குக்கு அந்த வாசல் கேட் எவ்வளவோ மேல், அதுவாவது ஒரு பக்கமாகவாவது மூடும்' என்றார். டீயை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மொத்தம் ஒரு நிமிடம். நிஜமான ரசிகர் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், இடப்பக்கத்தைக் காக்க வேண்டிய எங்கள் லெஃப்ட் பேக் அவ்வளவு மோசம்.

இப்படி வரிசையில் மோதிக்கொள்வது முன்பு சாதாரணம். இப்போது குறைந்துகொண்டு வருகிறது. கியர் ஸ்டார்மர் ஆர்சனலின் சீசன் டிக்கெட்காரர். எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவரை மற்றவர்களோடு ஸ்டாண்டில் உட்கார்ந்துதான் பார்த்தார். 2024இல் பிரதமரானதும், பாதுகாப்புக் காரணத்துக்காக கிளப் கொடுத்த தனி இருக்கைக்கு மாற வேண்டியதாயிற்று. இலவசமாக வாங்கலாமா என்று பெரிய சர்ச்சை. வாங்கியது சரியா தப்பா என்பதைவிட, அவர் பழைய இடத்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை.

எல்லாச் சந்திப்பும் தமாஷ் அல்ல. 2009 ஏப்ரல் 15. லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் ஹில்ஸ்பரோ துயரத்தின் இருபதாம் ஆண்டு நினைவுக் கூட்டம். 1989இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் அரையிறுதி ஆட்டத்தின்போது நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் செத்துப்போனார்கள். 96 பேர், இப்போது கணக்கு 97. குற்றம் செத்தவர்கள் மேலேயே போடப்பட்டது. குடித்துவிட்டு வந்தார்கள், பிணங்களிடம் திருடினார்கள் என்று ஒரு நாளிதழ் முதல் பக்கத்தில் 'உண்மை' என்று தலைப்பிட்டே எழுதியது. ரசிகர்கள் அரசியல்வாதியைப் பற்றிச் சொல்லும் நாற்காலிக் கதை யாரையும் கொல்லாது. அதிகாரத்தில் இருப்பவர்கள் ரசிகர்களைப் பற்றிச் சொன்ன கதை ஓர் ஊரையே இருபது வருடம் அழவைத்தது.

அந்த 2009 கூட்டத்தில் அரசின் சார்பில் பேச வந்தவர் கலாச்சாரத் துறை அமைச்சர் ஆண்டி பர்னம். லிவர்பூல் பக்கத்தில் பிறந்தவர், எதிரணியான எவர்டனின் ரசிகர். 1989இல் அதே நாள் அவர் இன்னொரு அரையிறுதியில், பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில், எவர்டனுக்காக நின்றுகொண்டிருந்தார். பிரதமரின் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கியதும் ஸ்டாண்டிலிருந்து ஒரு குரல்: '96 பேருக்கு நீதி வேண்டும்.' பிறகு பத்து, பிறகு ஆயிரம், பிறகு மைதானம் முழுக்க. பர்னம் நிறுத்தினார். தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். அந்த வீடியோவை ஒருமுறை பாருங்கள். வெட்கமும் சம்மதமும் ஒரே முகத்தில் எப்படி இருக்கும் என்று தெரியும். மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுதிவைத்ததை வாசித்து முடித்துவிட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. திரும்பிப் போய் அமைச்சரவையில் பேசினார். ஆவணங்களைத் திறக்கச் சுயேச்சைக் குழு அமைந்தது. 2012 செப்டம்பரில் அறிக்கை வந்தது. நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டவர், தன் அணியின் பெயரை மறக்கப்போகும் அதே கேமரன். அன்றைக்குச் சரியாகவே பேசினார். 2016இல் மரண விசாரணையின் ஜூரி அந்தச் சாவுகள் சட்டவிரோதக் கொலைகள் என்று தீர்ப்பளித்தது. இடையில் 2014இல் பர்னம் மறுபடி ஆன்ஃபீல்டில் பேச எழுந்தபோது அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

ஆகவே உங்கள் அலுவலக நண்பர்களின் கதைகளைக் கேளுங்கள், தாராளமாக. நாற்காலி மாதிரி ஏதாவது வந்தால் மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'என் தாத்தாவிடம் அந்தத் தலைவர் சொன்னார்' என்று தொடங்கி, அடுத்து ஒரு பொன்மொழி வந்தால் அது பிற்சேர்க்கை. லெஃப்ட் பேக்கைத் திட்டினார் என்றால் அநேகமாக நிஜம்.

சொன்னேனே, நான் மாட்டிக்கொண்ட கதை என்று. அது அந்த டீ வண்டியோடு முடியவில்லை. போன சீசனில் ஒருநாள் எனக்குப் பக்கத்தில் புதிதாக ஒருவர் உட்கார்ந்தார். பேச்சுவாக்கில், இந்த மைதானத்துக்கு ஒரு பழைய மந்திரி வருவாராமே, தெரியுமா என்றார். தெரியாதது மாதிரி இருந்தேன். கடைசி பை ஒன்றுதான் மிச்சமாம். மந்திரிக்கும் வரிசையில் நின்ற ஓர் இந்திய டாக்டருக்கும் தகராறாம். டாக்டர், 'எங்கள் வரியில்தானே இவ்வளவு நாள் சாப்பிட்டீர்கள்' என்றாராம். மந்திரி பேசாமல் பையை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியைக் கொடுத்தாராம். நான் டாக்டர் இல்லை, கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இறைச்சியும் சாப்பிடுவதில்லை.

அந்த டாக்டர் இப்போதும் வருகிறாரா என்று கேட்டேன்.

'இல்லை' என்றார் அவர் வருத்தமாக. 'ஆஸ்திரேலியா போய்விட்டாராம்.'